ஆறு பந்தும் ஒரு ஜெபமும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, அந்த வாரம் நான் பட்ட குழப்பத்தை நினைத்தால் இன்றும் தலை சுற்றுகிறது.

யுத்தம் தொடங்கிய மறுவருஷம், சித்திரை மாதம். சமயநல்லூரிலிருந்து மதுரை மிஷன் பள்ளிக்கு நடந்தே போய், பள்ளி இறுதி வகுப்பு முடித்திருந்தேன். படிப்பில் சுமார்தான். கிரிக்கெட்டில் மட்டும் வேகமாகப் பந்து போடுவேன். ஒரு மில்லின் இரண்டாம் டீமுக்கு ஆள் எடுத்தார்கள். டீமில் சேர்ந்தால் மில்லிலேயே வேலை. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. ஆனால் டீம் கேப்டன் பந்து போட்டுக் காட்டச் சொன்னதோ ஞாயிறு காலை, ஆராதனை நேரம். ஓய்வுநாளில் விளையாடுவதில்லை என்று சபையில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

தாத்தா காலம்வரை சாமி முன்னால் பூக்கட்டிப் போட்டு உத்தரவு கேட்ட குடும்பம் நாங்கள். பூவை விட்டோம், பழக்கத்தை விடவில்லை. ‘போ’, ‘போகாதே’ என்று இரண்டு சீட்டு எழுதி வேதாகமத்துக்குள் வைத்து, கண்ணை மூடி எடுத்தேன். ‘போகாதே’ வந்தது. அழுதேன். மனசு கேட்காமல் மறுபடி எடுத்தேன். ‘போ’ வந்தது. எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும்போல் இருந்தது.

அம்மாதான் அதட்டினாள். “ஆண்டவரை ரெண்டு தடவ கேட்டுட்ட. அந்த கேப்டனை ஒரு தடவ கேட்டியாடா?”

சனிக்கிழமை காலையில் ஜெபித்துவிட்டு நடந்தேன். நெற்றி நிறையத் திருநீறோடு மில் மைதானத்தில் நின்றிருந்தார் கேப்டன். “அண்ணே, நாளைக்கு நான் வரமுடியாது. கோயிலுக்குப் போகணும்” என்றேன்.

“அம்புட்டுத்தானே? இப்பவே போடு.”

‘ஆண்டவரே, பந்து நேராகப் போகட்டும்’ என்று வேண்டினேன். ஆறு பந்து போட்டேன். ஒன்றுகூட ஸ்டம்புப் பக்கம் போகவில்லை. ஐந்தாவது, கேப்டனின் சைக்கிளில் போய் விழுந்தது. வெட்கம் தாங்காமல் திரும்பி நடந்தேன்.

“தம்பி, நில்லு. எங்க பயலுக வாரேம்பாங்க, மேட்ச் அன்னைக்கு ஆளைக் காணோம். நீ வரமுடியாதுங்கிறதச் சொல்லவே இம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்க. திங்கக்கிழமை வந்துரு.”

நான் கேட்டது ஒன்று, கர்த்தர் கொடுத்தது வேறு. அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நாலு வருஷமாக மில்லில் வேலை, அதே இரண்டாம் டீமில் ஆட்டம். முதல் டீம் என்னைச் சீண்டவில்லை. அம்மா பசியில்லாமல் தூங்குகிறாள். ஸ்தோத்திரம்.

குழம்பி நிற்கிறவர்களே, எல்லாம் தெளியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் குழப்பத்தோடேயே அவரிடம் வாருங்கள். நான் அப்படித்தான் போனேன்.