இரண்டேகால் மணிப் புள்ளி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். அலுவலகத்தில் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் புள்ளியக்காதான். திருடுபோன லேப்டாப்புகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கம்பெனி அது. லேப்டாப்பின் உள்ளே, யார் கண்ணிலும் படாத ஆழத்தில், கம்பெனியின் சின்ன மென்பொருள் ஒன்று சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருக்கும். திருடியவன் என்றைக்காவது அதை இணையத்தோடு இணைத்தால் போதும், அது இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். மூன்றாவது மாடியில், ஜன்னலோர மேசையில், அவளுடைய திரையில் விரிந்திருக்கும் ஊர் வரைபடத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழும். "புள்ளி விழுந்திருச்சு!" என்று அவள் போடும் சத்தத்தில் கீழ்த்தளத்தில் இருப்பவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். பதினோரு வருஷமாக அதே சத்தம், பெயரும் அதுவாகவே நிலைத்துவிட்டது.

புள்ளி விழுந்ததும் மற்றவர்கள் போலீசுக்கு அனுப்பும் படிவத்தைத் தேடுவார்கள். புள்ளியக்கா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வாள். அந்தப் புள்ளிக்குள் ஓர் அறை இருக்குமல்லவா, அதைப் பார்ப்பாள். ஒன்றில் பச்சைத் திரைச்சீலை காற்றில் ஆடும். இன்னொன்றில் ஒரு கிழப் பூனை லேப்டாப்பின் சூட்டுக்காக அதன்மேல் ஏறிப் படுத்திருக்கும். ஒன்றில் யாரோ ஒருத்தி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே திரையைப் பார்ப்பாள். திருட்டுச் சாமான் இருக்கும் அறைகள்தான், ஆனாலும் அவளுடைய அறைகளில் வெயில் எப்போதும் மெதுவாகத்தான் நகரும். நிஜமான அறைகளுக்குப் போலீஸ்காரர்கள்தான் போவார்கள், அவள் அதிகம் போனால் தெருமுனை வரை. பதினோரு வருஷத்தில் ஒரு புள்ளிக்குள்ளும் அவள் கால் வைத்ததில்லை.

அந்த டீச்சரின் லேப்டாப்பும் இப்படித்தான் அவள் கைக்கு வந்தது. பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வேலை செய்பவர். ஏழு வருஷமாகப் பாடப் புத்தகங்களைத் தன் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்து சேர்த்து வைத்திருந்தார். ரயிலில் பையோடு போய்விட்டது. பிரதி எடுத்து வைத்திருந்த டிஸ்க்கும் அதே பையில்தான் இருந்தது. இப்படிப் பத்திரப்படுத்தி வைத்தவரை என்ன சொல்லித் திட்டுவது? அவரே தன்னைப் போதுமான அளவு திட்டிக்கொண்டிருந்தார்.

பள்ளி நிர்வாகம் வேறொன்றுக்குப் பயந்தது. பிள்ளைகளின் மருத்துவ விவரங்களும் அதில் இருந்தன. பதினைந்து நாளில் கிடைக்காவிட்டால் தூரத்திலிருந்தே எல்லாவற்றையும் அழித்துவிடும்படி கடிதம் கொடுத்துவிட்டார்கள். பொத்தானை அழுத்தி வைத்தால், லேப்டாப் அடுத்தமுறை இணையத்தில் ஏறும் நொடியில் உள்ளே இருப்பதெல்லாம் சுத்தமாகப் போய்விடும். அந்தப் பொத்தானும் புள்ளியக்காவின் பொறுப்புதான். டீச்சர் தினமும் ஃபோன் செய்வார். நிதானமான, வார்த்தைக்கு வார்த்தை இடம்விட்டுப் பேசும் குரல். "இன்னிக்கு ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்பார். தினமும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் கசந்துபோனது.

பத்தாவது நாள், மத்தியானம் இரண்டேகால் மணிக்குப் புள்ளி விழுந்தது. அவள் சத்தம் போட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விழுந்தது அவள் குடியிருக்கும் தெருவில்.

புள்ளி என்றால் அது ஒரு வீட்டைக் காட்டாது. சின்ன வட்டம் ஒன்றைக் காட்டும், அதற்குள் பத்துப் பன்னிரண்டு வீடுகள் அடங்கும். கூடவே, லேப்டாப்பைச் சுற்றிலும் எந்தெந்த வைஃபை இருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். கிட்டே இருப்பது மேலே, தள்ளி இருப்பது கீழே. தேடப் போகும்போது கம்பெனிக்காரர்களின் சொந்தக் கருவிகளும் அந்த மாதிரிப் பட்டியல்களில் வந்து குழப்பும். அதனால் "முதலில் நம்முடையதை அடி" என்று சுவரில் பெரிதாக எழுதியே ஒட்டியிருந்தார்கள். பட்டியலின் முதல் வரியில் 'குறட்டைவீடு' என்று இருந்தது. அது அவள் வீட்டு வைஃபை. வேலைக்காக வெளியூர் போவதற்கு முன்னால், அப்பாவைக் கேலி செய்து மகள் வைத்துவிட்டுப் போன பெயர். புள்ளியக்கா சிரித்துக்கொண்டே, "இது நம்மளது" என்று பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்தாள். அடித்துவிட்டு மற்ற பதினோரு வரிகளையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

போலீஸ் நிலையத்தில் கையை விரித்தார்கள். "ஒரு வீட்டைக் காட்டுங்கம்மா, வர்றோம். தெருவையே சல்லடை போட்டுச் சலிக்க முடியுமா?" என்றார் எழுத்தர். அதிலும் நியாயம் இருந்தது.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் யாருக்கும் அவளிடமிருந்து தப்பிக்க வழியில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் புதுச் செருப்பு போட்டிருந்தால் அவள் மூக்கு வியர்த்தது. மாடிவீட்டுக்காரன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு படியிறங்கினால் முறைத்தாள். வழக்குகளைப் பற்றி வீட்டில் பேசக் கூடாதென்பது கம்பெனி விதி. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏங்க, எதிர்வீட்டு டைலர் கம்ப்யூட்டர் ஏதாவது வாங்கியிருக்காரா?"

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். விடியற்காலையில் ஒரு ஷிப்ட், சாயங்காலம் ஒரு ஷிப்ட், நடுவில் மத்தியானம் முழுக்க வீடு. தட்டிலிருந்து நிமிராமலே, "அவருக்கு ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியலை. கம்ப்யூட்டரை வெச்சு என்ன பண்ணப் போறாரு?" என்றார். அதுவும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது.

புள்ளி தினமும் இரண்டேகாலுக்கு விழுந்தது, மூன்றரைக்கு அணைந்தது. அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். மற்ற புள்ளிகளுக்கெல்லாம் அறை கொடுத்த மனசு இதற்கு மட்டும் ஒன்றும் காட்டவில்லை. ஒரு சாத்திய கதவு, அதற்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது போல ஒரு அமைதி, அவ்வளவுதான் தெரிந்தது.

பதினான்காம் நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பொத்தானை அழுத்த வேண்டும். அவளிடம் ஒரு கடைசி வழி இருந்தது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஃபோனோடு தெருவில் நடப்பது. நடக்க நடக்க ஃபோனில் தெரியும் வைஃபைகளின் வரிசை மாறும். எந்த இடத்தில் நின்றால் அந்த வரிசை காகிதத்தோடு அச்சுப் பிசகாமல் பொருந்துகிறதோ, அங்கேதான் லேப்டாப். தையல்காரர் வாசலில் நின்றாள், பொருந்தவில்லை. மாடிப்படியில் ஏறி இறங்கினாள், ஊஹூம். வெயில் தெருவைத் தூங்கவைத்திருந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நடப்பது தன் கால்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. தாகம் தாங்காமல், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று தன் வீட்டுக் கதவைத் திறந்தாள்.

படுக்கையறையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்துநாலு வருஷக் குடித்தனத்தில் நினைத்தே பார்க்காததையெல்லாம் அந்த நாலு எட்டில் நினைத்துவிட்டாள். கதவிடுக்கு வரை போனபிறகுதான் குரல் புரிந்தது. நிதானமான, வார்த்தைக்கு வார்த்தை இடம்விட்டுப் பேசும் குரல்.

"பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. நாம் அதன்மேல் இருப்பதால் அது நமக்குத் தெரிவதில்லை."

அவள் வீட்டுக்காரர் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. தலையணைக்குப் பக்கத்தில் டீச்சரின் லேப்டாப், மூடியில் ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர் முதற்கொண்டு புகாரில் எழுதியிருந்தபடியே இருந்தது. ஜன்னல் வெயில் அவர் பாதத்தில் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல நகர்ந்தது. "நமக்குத் தெரிவதில்லை" என்று அவர் வாய்க்குள் திருப்பிச் சொன்னார். அவள் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள். குறட்டைவீடு முதலில், தையல்காரர் இரண்டாவது, மாடிவீடு மூன்றாவது. பன்னிரண்டும் வரிசை தப்பாமல் நின்றன.

சத்தமில்லாமல் பின்வாங்கி வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். திருட்டுச் சாமான் வாங்கியவர் என்று வழக்குப் பதிவானால் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள். இருபது வருஷமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனுஷன். இன்னொரு வழியும் இருந்தது. அதற்கு அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். நாளைக் காலை பத்து மணிக்கு, கடிதத்தில் இருக்கிறபடி, பொத்தானை அழுத்தினால் போதும். இரண்டேகாலுக்கு எல்லாம் அழிந்துவிடும். மிஷின் கெட்டுவிட்டது என்று அவர் தூக்கிப் போட்டுவிடுவார். கோப்பு மூடப்படும். யாருக்கும் தெரியாது. அடித்த முதல் வரி அடித்தபடியே இருக்கும்.

அப்போது ஃபோன் அடித்தது. டீச்சர்.

"நாளையோட முடியுதாம்மா? நிஜமாவே அழிச்சிடுவாங்களா?" என்று கேட்ட குரல் உடைந்தது. "திரும்ப வாசிக்கலாம்னு உட்கார்ந்தேன். முடியலை. ஏழு வருஷம்மா. பசங்க பரீட்சைக்கு எதைக் கேப்பாங்க?"

உள்ளே அதே குரல் கடல் அலைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு காதில் டீச்சர் அழுதார், இன்னொரு காதில் பாடம் எடுத்தார். புள்ளியக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கிடைச்சிடுச்சு டீச்சர்," என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. "எதுவும் அழியலை. உங்க பாடம் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

பேச்சுச் சத்தம் கேட்டு வீட்டுக்காரர் எழுந்து வந்தார். அவள் முகத்தையும் கையிலிருந்த காகிதத்தையும் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தார்.

"திருட்டுதானா?"

"தெரியாதா உங்களுக்கு?"

"கடைக்காரன்கிட்ட பில் கேட்டேன், இல்லேன்னுட்டான். அதுக்கு மேல கேட்டா உண்மையைச் சொல்லிடுவானோன்னு கேக்கலை." உள்ளே லேப்டாப் இருந்த பக்கம் கை காட்டினார். "வீடியோ கால்ல பொண்ணு முகத்தைப் பெரிசாப் பாக்கலாம்னுதான் வாங்கினேன். உன்கிட்ட காட்டினா எங்க வாங்கினீங்கன்னு குடைவே. அதுக்குள்ள இந்தக் குரல் அகப்பட்டுச்சு. அவ போனதுக்கப்புறம் மத்தியானத்துல வீடு எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியாது. நீ இருக்கமாட்டே."

ஊரில் இருக்கிற அறைகளையெல்லாம் கண்ணை மூடிப் பார்த்தவள், இந்த ஓர் அறையைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள். நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு நானே அழிச்சிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது," என்றாள் கடைசியில்.

அவர் பதறிப்போனார். "ஐயோ, அந்தம்மா குரலையா?" உள்ளே போய் லேப்டாப்பை மூடி, துண்டில் சுற்றி எடுத்து வந்தார். "வா, போலாம். சாயங்கால ஷிப்டுக்கு ஆள் பாத்துக்கச் சொல்லிடறேன்."

போலீஸ் நிலையத்தில் 'எங்கே மீட்கப்பட்டது' என்ற கட்டத்தில் அவள் தன் முகவரியை எழுதினாள். 'யாரிடமிருந்து' என்ற கட்டத்தில் கணவர் என்று எழுதினாள். படித்த எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். சற்று நேரத்தில் டீச்சர் ஓடிவந்தார், துண்டைப் பிரித்து ஒவ்வொரு பாடமாகத் திறந்து பார்த்தார். அப்புறம் சுவரோரமாக நின்றிருந்த டிரைவரிடம் திரும்பினார். அவர் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எது வரைக்கும் கேட்டீங்க?"

"கடல் வரைக்கும்."

"பரீட்சைப் பயம் இல்லாம என் பாடத்தைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்," என்றார் டீச்சர். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

அதற்காகச் சட்டம் சும்மா விட்டுவிடவில்லை. விற்ற கடைக்காரன் பிடிபட்டான். விசாரணை முடியும்வரை ஒரு மாதம் பஸ்ஸைத் தொடக் கூடாதென்று அவரை வீட்டில் உட்கார வைத்தார்கள். "சொந்த வீட்டையே பிடிச்சுக் குடுத்துட்டீங்களேக்கா" என்று மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். புள்ளியக்கா சுவரில் ஒட்டியிருந்த 'முதலில் நம்முடையதை அடி' காகிதத்தை மட்டும் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

அவர் வீட்டில் உட்கார்ந்த முதல் நாள், மணி இரண்டேகால் ஆனது. வரைபடத்தில் அவள் தெரு வெறுமையாக இருந்தது. அவளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஃபோனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள்.

"என்ன பண்றீங்க?"

"என்ன பண்ண? சும்மா படுத்திருக்கேன்."

"கண்ணை மூடிக்கோங்க." அவளும் மூடிக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் யாரிடமும் சொல்லாததை, கூச்சத்தோடு, வார்த்தைக்கு வார்த்தை இடம்விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். "இன்னிக்கு ஆத்தங்கரைப் பக்கம் ஒரு புள்ளி விழுந்திருக்கு. உள்ள ஒரு சின்ன அறை. பச்சைத் திரை. ஒரு கிழப் பூனை..."

மறுமுனையில் சத்தமே இல்லை.

"தூங்கிட்டீங்களா?"

"கேக்குறேன்," என்றார் அவர். "பூனை என்ன பண்ணுது, சொல்லு."