அம்மா எட்டு முறை ஏறிய வள்ளம்

தூத்துக்குடியில் டீச்சராக இருந்த என் அத்தைக்கு ஒரு கோடை விடுமுறையில் சினிமாப் பைத்தியம் பிடித்தது. ஆண்களே சேலை கட்டி நடித்த காலத்தில் துணிந்து கேமரா முன்னால் வந்த முதல் பெண்களைப் பற்றி எங்கேயோ படித்திருக்கிறார். அப்படி ஒருத்தியின் கதையைப் பேசாப் படமாக எடுத்துப் பள்ளி ஆண்டு விழாவில் காட்டப்போவதாக அறிவித்துவிட்டார். கல்யாண வீடியோக் கடையிலிருந்து கேமரா வந்தது. கதாநாயகிதான் வரவில்லை. கேட்ட பெண்களுக்கெல்லாம் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிட்டது.

"மீசைய எடுத்துட்டு நான் சேலை கட்டட்டாக்கா?" என்றார் அப்பா.

"ஏலே, ஒன் தொப்பைக்குச் சேலை காணாது."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "நான் வேணா நிக்கட்டா மைனி?"

தெருமுக்குக் கடைக்குக்கூட என்னையே அனுப்புகிற அம்மா! எனக்கு மகள் வேடம்.

காட்சி இதுதான்: நடிக்கப் புறப்பட்டவள் கரையில் நிற்கும் மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கப்பலுக்குப் போகும் வள்ளத்தில் ஏற வேண்டும். வள்ளக்கார அண்ணாச்சி கடலுக்குப் போவதற்குள் எடுத்தாக வேண்டும். பேசாப் படம்தானே என்று அத்தை கேமரா ஓடும்போதே கத்தினார். "ஏளா, மெதுவாத் திரும்பு! பிள்ளையப் பாரு!"

முதல் தடவை எடுத்ததும் சரியில்லை என்றாள் அம்மா. அடுத்த தடவை சேலை தடுக்கியது. அப்புறம் சிரிப்பாணி வந்தது. அப்புறம் செருப்பு கழன்றது. எட்டு முறை ஏறி இறங்கினாள்.

"எம்மா, மீனெல்லாம் கொழும்புக்கே போயிரும்" என்று புலம்பினார் அண்ணாச்சி. அம்மாவுக்கு நடிக்கவே வரவில்லை என்று நான் அத்தையிடம் கோள் சொன்னேன். அத்தை மறுபடி கேமராவை ஓட்டினார்.

ஆண்டு விழாவில்தான் தெரிந்தது, கேமரா அத்தனை சத்தத்தையும் பிடித்து வைத்திருந்தது. அத்தையின் அதட்டலைக் கேட்டுக் கூட்டம் உருண்டு சிரிக்க, அப்பா ஓடிப்போய் ஒலியைக் குறைத்தார்.

போன மாதம் அந்தப் பழைய கேசட்டைப் போனுக்கு மாற்றி முழுவதும் பார்த்தேன். முதல் தடவையிலேயே அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில், என்னை நிஜமாகவே விட்டுவிட்டுப் போகிறாள் என்றே தோன்றியது. விழாவில் அத்தை காட்டியதும் அதைத்தான். அது முடிந்ததும் அம்மாவின் குரல் மெல்லக் கேட்கிறது.

"சரியா வரல மைனி. இன்னொருக்க ஏறட்டா?"

அதற்குப் பிறகு கடைசிவரை என் கத்தல்தான் கேட்கிறது. "யம்மா, பசிக்கு! போதும், வீட்டுக்கு வா!"