அசையாமல் நின்றவர்கள்

எங்கள் முன்னேற்றச் சங்கத்துக்குக் கமரா வாங்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தது முதல் பிழை. மிச்சப் பிழைகளை நானே செய்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனகராயன்குளத்துக்குக் கிழக்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள் நாங்கள். அந்த மாரியில் எங்கள் குளக்கட்டு உடைந்து, மண்மூட்டை அடுக்கி மறித்திருந்தோம். மூட்டைகளுக்கிடையில் தண்ணீர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மழைக்கு முன் அரசாங்கம் கட்டித் தராவிட்டால் நேர் கீழே இருந்த என் அக்காவின் வயல்தான் முதலில் போகும். அத்தான் நோயாளி. அவளுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் அந்த வயலை விட்டால் வேறு கதியில்லை. அனுப்பிய மனு ஒன்றுக்கும் பதில் வராததால், உடைப்பைப் படம் பிடித்துக் காட்டுவதென்று சங்கத்தில் முடிவானது.

யாழ்ப்பாணக் கடைக்காரர் இரண்டு பழைய கமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று சாதாரணப் படம் எடுப்பது. சங்கத்தின் காசுக்கு அதோடு நாலைந்து சுருளும் வாங்கலாம். மற்றது சாவி முறுக்கினால் ஓடும் சினிமாக் கமரா. அதற்கு ஒரு சுருளோடு காசு சரி.

"தம்பி, சின்னனை எடுங்கோ. பிழைச்சால் திருப்பி எடுக்கலாம்" என்றார் அவர்.

தண்ணீர் ஓடுவதைச் சினிமாவில்தான் காட்டமுடியும் என்று நியாயம் பேசினேன். பொய். அந்தக் கறுப்புப் பெட்டியைக் கையில் பிடித்ததும் எனக்குப் புத்தி மாறிவிட்டது. அவ்வளவுதான்.

தை மாதம் படம் பிடித்தோம். படத்துக்காக மூட்டை சுமக்க நான் வரச் சொன்னவர்கள் முழுகி, எண்ணெய் வைத்து, பட்டு வேட்டியும் இரவல் சங்கிலியுமாக வந்தார்கள். அக்கா கூறைச்சேலை உடுத்தியிருந்தாள். எல்லோரும் உடைப்பை மறைத்து வரிசையாக நின்றார்கள்.

"நடவுங்கோ! மூட்டையைத் தூக்குங்கோ!" என்று கத்தினேன்.

"அசைஞ்சால் படம் கலங்கிப்போமெல்லே" என்றாள் அக்கா, உதடு பிரியாமல். கலியாணத்தன்று ஸ்ரூடியோக்காரர் சொன்னதை அவள் மறக்கவில்லை.

கமரா ஓடிக்கொண்டிருந்தது. விலகச் சொல்லியிருக்கலாம். துவாரத்தின் வழியே பார்க்க அவர்கள் அவ்வளவு வடிவாக இருந்தார்கள், எனக்கு மனம் வரவில்லை. சுருள் முடிந்துவிட்டது.

கழுவுவதற்குச் சீமைக்குப் போன சுருள் ஆவணியில்தான் திரும்பி வந்தது. கடைக்காரரிடம் ஓட்டும் மெசினை ஒருநாள் இரவல் வாங்கி, குளங்களுக்குப் பொறுப்பான அதிகாரியின் அறைச் சுவரில் காட்டினேன். அவர் பொறுமையாகவே பார்த்தார்.

"எல்லாரும் நல்லாத்தானே இருக்கிறியள். உடைப்பு எங்கை?"

"பின்னாலை, ஐயா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் மூட்டைகள் ஒரு பகல்கூடத் தாங்கவில்லை. அக்காவின் வயல் மண்மேடாகிவிட்டது. அக்கா குடும்பம் பளையில் தென்னந்தோட்டக் கூலிக்குப் போவதென்று முடிவெடுத்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தாலாவது ஆறியிருப்பேன்.

பஸ் ஏறும்போது அக்கா திரும்பிப் பார்த்தாள். அந்தப் படத்தை அவள் பார்க்கவே இல்லை.

"தம்பி, நான் அசையேல்லைத்தானே?"

"இல்லையக்கா. நீ கொஞ்சமும் அசையேல்லை."