பிரம்மாஸ்திரத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

போன வாரம் தாம்பரம் மின்சார ரயிலில் எதிர் சீட்காரர் என் பேப்பரை, அதாவது நான் காசு கொடுத்து வாங்கிய பேப்பரை, எனக்கு முன்பாகவே படித்துக்கொண்டு வந்தார். பல்லாவரம் தாண்டியதும் தலைப்புச் செய்தியில் விரலை வைத்தார்.

"சார், தலைவரு பிரம்மாஸ்திரத்தை எடுக்கப் போறார்னு போட்டுகிறான். போன மாசமும் இதானே எடுத்தாரு? எத்தினி தபா சார் எடுப்பாரு?"

நியாயமான கேள்வி. வேறு எதுவும் பலிக்காதபோது விடுகிற கடைசி ஆயுதம்தான் பிரம்மாஸ்திரம். நம் அரசியலில் ஆதரவு வாபஸ், கூண்டோடு ராஜினாமா, சாகும்வரை உண்ணாவிரதம்... எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயர். "எடுப்பேன், எடுப்பேன்" என்று சொல்கிறவரைதான் அதற்கு மவுசு. எடுத்து விட்டுவிட்டால்? திரும்பப் பெறவும் தெரிந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானே ஒருமுறை விட்டிருக்கிறேன்!

நாலைந்து வருஷத்துக்கு முந்தைய கோடை. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருக் குழாய்களுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் புகைந்து நின்றுபோனது. கிணறுகளில் வாளி தரையைத் தட்டியது. எல்லோருக்கும் கஷ்டம்தான். அடுத்த வீட்டுக் கமலாம்மாவுக்குப் பெருங்கஷ்டம். மகள் பிரசவத்துக்கு வந்து, வீட்டில் ஒன்பது நாள் பேரன். துணி அலசத் தண்ணீர் இல்லை. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அது அழுகிற அழுகை சுவரைத் தாண்டிக் கேட்கும்.

எங்கள் நகர் நலச் சங்கம் சும்மா இருக்குமா? செயலாளர் ராமநாதன் சார் அரசாங்க ஆபீசில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் இணைச் செயலாளர். சம்பந்தப்பட்ட ஆபீசுக்கு மனு கொடுத்தோம். நினைவூட்டு மனு கொடுத்தோம். நினைவூட்டியதை நினைவூட்டி ஒரு தந்தியும் அடித்தோம். ஊஹூம்!

ராமநாதன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இனிமே பிரம்மாஸ்திரம்தான்!"

அதாவது, காலிக் குடங்களுடன் சாலை மறியல்.

'அதிகாரி நேரில் வந்து எழுத்து மூலம் உறுதி தரும்வரை மறியல் கைவிடப்பட மாட்டாது' என்று தீர்மானம். எழுதியவன் நான். கைதட்டல்கூடக் கிடைத்தது. ஒரு நகல் ஆபீசுக்கு, ஒரு நகல் போலீஸ் ஸ்டேஷனுக்கு. நேரம் காலை பத்தரை. அதற்கு முன்னால் மறித்தால் எங்கள் பிள்ளைகளுக்கே ஆபீசுக்கு லேட்டாகிவிடுமே!

குறித்த நாளில் பெண்கள் வந்து சாலையின் குறுக்கே குடங்களை அடுக்கினார்கள். பத்தரை மணிக்கு அந்தப் பக்கம் யார் வருவார்கள்? ஒரு சைக்கிள்காரர் குடங்களைச் சுற்றிக்கொண்டு போனார். அப்புறம் ஒரு சின்ன லாரி. விடுவோமா? தொண்டை கிழியக் கோஷம் போட்டோம்.

டிரைவர் தலையை நீட்டினார். "இன்னா சார் இது? உங்க ஏரியாவுக்குத்தான் புது மோட்டார் ஏத்திகினு வந்துகிறேன். மறியல்னு லெட்டர் போட்டீங்களாமே, ஆபீஸ்ல அலறிட்டாங்க!"

உடனே வழி விட்டிருப்போம் என்றுதானே நினைக்கிறீர்கள்? ராமநாதன் சார் தீர்மான நகலைப் பிரித்தார்.

"அதிகாரி வந்திருக்காரா?"

"இல்ல சார். நான்தான் கீறேன்."

"எழுத்து மூலமா ஏதாவது?"

"மோட்டாரே கீது சார்!"

"அது எப்படிப்பா? ஒரு தீர்மானத்தை வாபஸ் வாங்க இன்னொரு தீர்மானம் போடணும். அதுக்குத் தலைவர் வேணும். அவர் குன்றத்தூர் கோயிலுக்குப் போயிருக்கார்." என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாசகம் அப்படித்தான் சார் இருக்கு" என்றேன். கைதட்டல் வாங்கிய வாசகமாயிற்றே... இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

டிரைவர் ரிவர்ஸ் கியர் போட்டார். "சேலையூர்ல இதே மோட்டாரைக் கேட்டுகினு கீறாங்க. அங்க எறக்கிட்டுப் போறேன்."

லாரி பின்னால் நகர ஆரம்பித்தது. அப்போதுதான் கமலாம்மா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். நடுவில் இருந்த தன் பச்சைக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"தீர்மானத்தை நீங்களே வெச்சுக்கோங்க சார். எனக்குக் குழந்தைத் துணி அலசணும்."

பக்கத்திலிருந்த அம்மாவும் தன் குடத்தை எடுத்தார். அப்புறம் இன்னொருவர். ஒரு நிமிஷத்தில் சாலையில் ஒரு குடம் இல்லை. கோஷ அட்டையோடு நாங்கள் ஆண்கள் மட்டும் நின்றோம். கமலாம்மா கையைக் காட்டி, "நீங்க வாங்கப்பா" என்றார். லாரி வந்தது. நாங்கள் ஒதுங்கிக்கொண்டோம்.

சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தது. கமலாம்மா வீட்டுக் கொடி முழுக்கக் குழந்தைத் துணிகள் காய்ந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த நிம்மதி அப்படிப்பட்ட நிம்மதி.

மறுவாரக் கூட்டத்தில் ராமநாதன் சார் மினிட் புக்கில் எழுதினார்: 'மறியல் மாபெரும் வெற்றி. கோரிக்கை ஏற்கப்பட்டதால் சங்கம் போராட்டத்தை விலக்கிக்கொண்டது.'

கூட்டத்துக்கு வந்திருந்த கமலாம்மா வாசித்துப் பார்த்தார். "விலக்கிக்கிட்டது சங்கமா?" என்று சிரித்தார். சிரித்தபடியே கையெழுத்தும் போட்டார்.

பேரன் குளித்தாயிற்று, சரித்திரத்தை யார் எப்படி எழுதிக்கொண்டால் அவருக்கென்ன?