அம்மா தின்ற கருவாடு

பத்து வயதில் எனக்கு வைத்தியம் தெரியும் என்று நான் உறுதியாக நம்பினேன். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. டீச்சர் கேள்வியை முடிக்கும் முன்பே கையைத் தூக்குகிற, யாருக்கும் பிடிக்காத பிள்ளை ஒன்று ஒவ்வொரு வகுப்பிலும் இருக்குமே, எங்கள் வகுப்பில் அது நான்தான். அந்தக் கெட்டித்தனம் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

கண்டி மஹய்யாவையில் இரண்டு அறையும் ஒரு குசினியுமான வீடு எங்களுடையது. அப்பாவுக்கு மாநகரசபையில் வேலை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அம்மாதான் விளையாட்டுத் துணை, சண்டைத் துணை எல்லாம். அந்த வருஷத் தொடக்கத்தில் அம்மா வீட்டுக்குள் நடக்கவே இல்லை, ஓடிக்கொண்டிருந்தாள். மூன்று பேர் சோற்றை ஒருத்தியாகச் சாப்பிட்டாள், ஆனாலும் சட்டை தொளதொளத்தது. கை நடுங்கி, தேத்தண்ணிக் கோப்பை தட்டில் கடகடவென்று அடிக்கும். மார்கழிக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேர்க்கிறது என்பாள். கண்கள் இரண்டும் எதையோ பார்த்துத் திடுக்கிட்டதுபோல முன்னுக்குத் தள்ளி நின்றன. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டும் பார்த்தோம். அம்மாவின் கோபம்தான் கூடியது.

பேராதனையில் கிளினிக்குக்குப் போன பிறகுதான் அது தைரொயிட் என்று தெரிந்தது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கழுத்திலிருக்கிற அந்தச் சுரப்பியைத் தப்பாக அடையாளம் கண்டு, ஓய்வில்லாமல் தூண்டி விரட்டுகிற நோய். வீங்கியிருந்த சுரப்பிக்குள் தனியாக ஒரு கட்டியும் ஒளிந்திருந்தது. கழுத்தை வெட்டிச் சுரப்பியை எடுத்தார்கள். கட்டியைச் சோதித்த முடிவு வந்த நாளிலிருந்து பெரியவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். இதையெல்லாம் நான் விளங்கிக்கொண்டது வெகுகாலம் கழித்து, எனக்கும் அதே தைரொயிட் நோய் வந்து, அதே கிளினிக் வாங்கில் போய் உட்கார்ந்தபோதுதான். அதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். பத்து வயதில் எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: அம்மாவுக்குக் கழுத்தில் வீக்கம் இருந்தது, எடுத்துவிட்டார்கள், இன்னும் ஒரு மருந்து பாக்கி.

அந்த மருந்து கொழும்பில்தான் கிடைக்கும். ஒரு வாய் மருந்து, ஆனால் கதிர்வீச்சுள்ளது. கழுத்தில் மிச்சம் மீதி ஒட்டியிருக்கிற நோயை அது தேடிப் போய் எரிக்கும். கொடுத்த பிறகு ஆளைத் தனி அறையில் வைக்க வேண்டும் என்பதால், அறை காலியாகும் திகதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் திகதிக்கு முன்னால் எடுத்த சுரப்பிக்கு ஈடாக அம்மா தினமும் விழுங்குகிற தைரொயிட் குளிசையை நிறுத்தினார்கள்.

குளிசை நின்றதும் அம்மாவும் நின்றுபோனாள். எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஓடிக்கொண்டிருந்தவள் கட்டிலில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியது, குரல் கரகரத்தது. ஏதாவது கேட்டால், கேள்வி அவளிடம் போய்ச் சேர்வதற்கே நேரமெடுத்தது. மாதிரிப் பரீட்சையில் இருநூறுக்கு நூற்று எழுபத்தெட்டுப் புள்ளி எடுத்துவிட்டு பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தேன். தாளை அம்மா இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு "ம்" என்றாள். நான் தாளை வாங்கிக்கொண்டு போய்க் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். கோபமாகவாவது இருந்த அம்மா எனக்குத் திரும்ப வேண்டும் போலிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் அந்த நாட்களில் அவளுடைய தாய் என்னோடு விளையாட விடவில்லை. ஒட்டிக்கொள்ளுமாம்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள மாத்தளையிலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவின் அக்கா. பத்தியம் முழுவதும் அத்தையின் பொறுப்பு. அம்மாவுக்கென்று தனிச் சட்டி, தனி அகப்பை. பேக்கரிப் பாண் கூடாது, பால் கூடாது, முட்டை மஞ்சள் கூடாது, மாசி மீனும் கருவாடும் வீட்டு வாசல் பக்கமே வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாக்கெட்டில் வருகிற உப்பு கூடவே கூடாது. எந்த உப்பில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது என்று அத்தை ஒரு உப்பும் போடாமலே சமைத்தாள். சுரைக்காயையும் சோற்றையும் உப்பில்லாமல் அம்மா மெல்லுவதைப் பார்த்தால் என் வாய் கசந்தது.

அந்த வாரம்தான் சுற்றாடல் பாடத்தில் போசணைக் குறைபாடுகள் வந்தன. அயடின் குறைந்தால் கழுத்து வீங்கும், அதற்குக் கழலை என்று பெயர், தடுக்க அயடின் கலந்த உப்பைச் சாப்பிட வேண்டும். டீச்சர் கரும்பலகையில் எழுதினார். பக்கத்திலே கழுத்து வீங்கிய ஒரு பெண்ணின் படம். எனக்கு மயிர் கூச்செறிந்தது. வீட்டுக்கு வந்து உப்புப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். அயடின் சேர்க்கப்பட்டது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அம்மாவுக்கான மருந்து குசினி அலுமாரியில் இருக்கிறது, அத்தை அதைக் கொடுக்க மறுக்கிறாள்! அத்தைக்கும் அம்மாவுக்கும் கல்யாணத்திலிருந்தே ஆகாது என்பது எனக்குத் தெரியும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

அப்பாவிடம் சொல்லலாம் என்று பார்த்தேன். அப்பா அக்கா பேச்சைத் தட்டமாட்டார். ஆகவே நானே பொறுப்பெடுத்தேன். குசினியிலிருந்து அம்மாவின் கட்டிலுக்குத் தட்டைக் கொண்டுபோவது என் வேலை. வழியில் முன்னறை அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு கணம் நிற்பேன். சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த உப்பைக் கஞ்சியில் கொட்டி விரலால் கலக்குவேன். எவ்வளவு போட வேண்டும் என்று புத்தகத்தில் இல்லை. சீக்கிரம் குணமாகட்டும் என்று காலையும் மாலையும் தாராளமாகவே போட்டேன்.

மூன்றாம் நாள் அம்மா கஞ்சியைக் குடித்துவிட்டு, "இன்னைக்கு நல்லாருக்கு" என்றாள். பல நாளைக்குப் பிறகு நான் கேட்காமலே அவள் என்னிடம் சொன்ன வார்த்தை அது. அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கொழும்புக்குப் போக நான்கு நாள் இருக்கும்போது கடைசிப் பரிசோதனைக்காகப் பேராதனைக்குப் போனோம். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு வந்தாள். டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். மெல்லிய குரல். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்தியம் ஒழுங்கா இருந்தனீங்களோ அம்மா? சிறுநீரில அயடின் கூடுதலா எல்லோ காட்டுது."

"அடுப்படிய விட்டு நான் நகரலைங்க டொக்டர். ஒரு கல்லு உப்பு போடல, சாமி சத்தியமா" என்றாள் அத்தை.

"நான் உங்களைப் பிழை சொல்லேல்லை. ஆனா உடம்பு அயடினுக்குப் பசிச்சுக் கிடந்தால்தான் அந்த மருந்து பிடிக்கும். இப்ப குடுத்தால் வீண். இந்தத் திகதியை விடத்தான் வேணும். அடுத்தது எப்பிடியும் அஞ்சு கிழமையாகும். அதுவரைக்கும் குளிசையும் இல்லை." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "எப்பிடி வந்தது எண்டு தெரியோணும். இல்லாட்டி அடுத்த முறையும் இப்பிடித்தான் ஆகும்."

நான் சட்டைப் பையைக் கையால் பொத்தினேன். அயடின் என்ற சொல் எனக்குத் தெரிந்த சொல். அது நல்ல சொல். அதைச் சொல்லும்போது டொக்டரின் முகம் ஏன் இப்படி இருக்கிறது? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது அம்மா என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், என் சட்டைப் பையை மூடியிருந்த கையைப் பார்த்தாள்.

எதற்கும் பதில் சொல்ல ஒரு யுகம் எடுக்கிற அம்மா அன்று உடனே பேசினாள்.

"கருவாடு தின்னுட்டேங்க டொக்டர். நாக்கு செத்துப் போச்சு. அண்ணி கடைக்குப் போனப்பல்லாம் சுட்டுத் தின்னேன்."

அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "கருவாடா? வீட்டுல ஏது கருவாடு?"

"பக்கத்துல வாங்கினேன்."

அந்த இரண்டு அறை வீட்டில் மணம் வெளியே தெரியாமல் ஒருத்தி கருவாடு சுட்டுத் தின்ன முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் வீட்டில் மீன் பொரித்தால் இன்ன மீன் என்று சொல்கிற அத்தைகூடக் கேட்கவில்லை. கோபம் வந்தால் மூக்கும் வேலை செய்யாது போலும். கேட்டிருக்க வேண்டியவள் நான். எனக்கோ அந்தப் பதில் தேவாமிர்தமாக இருந்தது. அப்படியானால் கெடுத்தது கருவாடு, நான் கொடுத்தது மருந்து. திறந்த வாயை மூடிக்கொண்டேன். பஸ்ஸில் கட்டம்பே தாண்டுவதற்குள் எனக்குப் புதிதாக ஒரு கோபம் முளைத்திருந்தது. எனக்கும் கருவாடு என்றால் உயிர். அம்மாவுக்காகத்தான் வீட்டில் யாரும் தின்னாமல் இருந்தோம். அவள் மட்டும் எனக்கு ஒரு துண்டுகூட வைக்காமல் தின்றிருக்கிறாள்.

அந்த ஐந்து கிழமையும் அத்தையின் வாய் ஓயவில்லை. "நாக்கை அடக்கத் தெரியாதவ புள்ளையப் பெத்துட்டா போதுமா" என்று குசினியிலிருந்தே சொல்லுவாள், கட்டில் வரைக்கும் கேட்கும்படியாக. அப்பா அத்தையைத் தடுக்கவில்லை, அதுதான் அம்மாவுக்கு இன்னும் பாரமாக இருந்திருக்கும். குளிசை இல்லாமல் அம்மாவின் முகம் இன்னும் ஊதியது. ஒருநாள் குளிக்கப் போன இடத்தில் படியில் உட்கார்ந்தவளுக்கு எழும்ப முடியவில்லை. அத்தையும் அப்பாவும் பிடித்துத் தூக்கினார்கள். நான் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்க்காததுபோல இருந்தேன்.

கிளினிக்கிலிருந்து வந்த அன்றே அம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தாள்.

"இனிமே தட்டை நீங்களே கொண்டு வாங்க அண்ணி. புள்ள படிக்கட்டும்."

என்னை அறைக்குள் வரவிடாமல் செய்வதற்கு அது ஒரு சாக்கு என்று நினைத்தேன். அதன் பிறகு நானாகவும் போகவில்லை. ஒரே வீட்டில் இரண்டு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தோம். சாயந்தரத்தில் அம்மா கரகரத்த குரலில் என்னைக் கூப்பிடுவாள். படிக்கிறேன் என்பேன். நான் உண்மையில் படிக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிடுவாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன்.

அம்மா கொழும்புக்குப் போன நாள் காலையில் கண்டி ஸ்டேஷனுக்கு அத்தை என்னைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனாள். மருந்து குடித்தவள் திரும்பி வந்தாலும் சில நாளைக்குப் பிள்ளையைக் கிட்டே சேர்க்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இப்போதே நன்றாகப் பார்த்துக்கொள் என்றாள் அத்தை. அப்பா டிக்கெட் எடுக்கப் போயிருந்தார். அம்மா வாங்கில் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினாள். நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"என்ன புள்ள கோவம்?"

பல நாளாக வைத்திருந்ததைச் சொன்னேன். "எனக்கு ஒரு துண்டுகூட வைக்கலையே நீங்க."

அம்மா என்னையே பார்த்தாள். கேள்வி அவளிடம் போய்ச் சேர்வதற்கு நேரமெடுக்கிறது என்றுதான் நினைத்தேன். அவளுடைய உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"தப்புதான். அம்மாவ மன்னிச்சுக்க" என்றாள்.

ரயில் வந்துவிட்டது. அப்பாவும் அத்தையும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அவளை ஏற்றினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பளிச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மருந்து பலித்து அவள் மேலும் பல வருஷம் இருப்பாள் என்பது அன்று அவளுக்குத் தெரியாது. திரும்பி வராமல் போனால், அதற்கு என் உப்பும் காரணம் என்று எனக்கு ஒருநாளும் தெரியக் கூடாது என்பதற்காகவே அவள் கருவாடு தின்றவளாகப் போகிறாள் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு பெரிய மனுஷி தன் பிழையை ஒப்புக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், அவ்வளவு சுலபமாக அதைக் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான். ரயில் நகர்ந்து அவள் முகம் கண்ணுக்கு மறையும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.