ஓரகத்தியின் அவரைப் பந்தல்

மூலக்குளத்தில் எங்கள் வீடும் கொழுந்தனார் வீடும் ஒட்டினாற்போல இருந்தன. நடுவில் ஒரு குட்டைச் சுவர். பொங்கலுக்கு மட்டும் மாமியார் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சமைப்பார். கூட்டுக்கு அவரைக்காயைக் கடையில் வாங்க விடமாட்டார். வீட்டுப் பந்தலில் காய்த்ததாக இருக்க வேண்டும். நான் மூத்த மருமகள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அது என் பந்தல் காய்தான். அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓரகத்தியின் அண்ணன் ஒரு மருந்துக் கம்பெனிக்கு லாரி ஓட்டப் போனார். மருந்து தயாரித்தபின் மிஞ்சும் பழுப்புச் சக்கையை, உரம் என்று தங்கைக்கு மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார். புளித்த மாவு நாற்றம் அடிக்கும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த வருஷம் அவள் பந்தலில் இலை தெரியாமல் காய். மாமியார் அவள் காயைத்தான் பறித்துவரச் சொன்னார். பொங்கலன்று அந்தக் கூட்டை நான் இலையில் ஒதுக்கி வைத்தேன்.

வெட்கத்தை விட்டு ஒரு மூட்டை கேட்டேன்.

“இப்பல்லாம் வர்றதில்லக்கா. வந்தா சொல்றேன்,” என்றாள்.

தார்ப்பாய்க்கு அடியில் மூட்டைகள் அடுக்கியிருந்தது சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அத்தனை மூட்டையையும் அடுத்த ஆடிக்கு அவளே தன் பந்தலடியில் கொட்டிக்கொண்டாள். விதை முளைத்தது. கொடி முழ உயரத்திலேயே வெளுத்து நின்றுவிட்டது. பிடுங்கிப் பார்த்தால், அவரை வேரில் இருக்கும் சின்னச் சின்ன முடிச்சு ஒன்றுகூட இல்லை. போன வருஷம் உதிர்ந்த சருகு மக்காமல் அப்படியே கிடந்தது. மண்புழு அற்றுப்போயிருந்தது. பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

கொழுந்தனார் விவசாய ஆபீசில் கேட்டுவந்தார்.

“கிருமியக் கொல்ற மருந்து செஞ்ச சக்கையாம் அண்ணி. மிச்ச மருந்து மண்ணுல எறங்கி, வேருக்குச் சத்து சேக்கற நல்ல கிருமியயும் கொன்னுடுச்சாம். அவர நல்லா காய்ச்ச எடத்து மண்ண எடுத்துக் கலக்கச் சொல்றாங்க.”

மறுநாள் காலையில் ஓரகத்தி இரும்புச் சட்டியோடு வந்து நின்றாள்.

“அக்கா, உங்க பந்தலடி மண்ணு கொஞ்சம் தர்றீங்களா?”

“ஏன், மூட்ட வரலியா?” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அது போதும் என்று இருந்தது. கேட்டதற்கு மேலேயே வாரிக் கொடுத்தேன். கொடுக்கிறவள் நான் என்று தெருவே பார்க்கட்டுமே!

சாணியும் மண்ணுமாகக் கலந்து, ஒரு மழைக்காலம் சும்மா போட்டுவைத்து, அதற்கடுத்த ஆடியில் அவள் விதைத்தாள். கொடி ஏறியது. பொங்கலன்று இரண்டு பேர் கூடையும் மாமியார் முன்னால் இருந்தன. அவர் அவளுடைய காய் ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தார்.

“செத்த மண்ணுலகூட காய்க்க வெக்கறா பாரு. சின்னவளுக்குக் கைராசி.”

அக்கா கொடுத்த மண் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அவரைக்காய்க்கு நார் உரித்தபடியே, “ஆமா அத்த,” என்றாள்.