ஏரிக்கரை வரிசையில் கடைசி ஆள்

எங்கள் செடி நடையில் அக்காதான் கடைசி ஆள். முன்னால் நான் போவேன். நடுவில் மெட்ராஸிலிருந்து வரும் ஏழெட்டுப் பேர். செடி பார்க்கிறவர்கள் குனிந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளப் பின்னால் ஒருவர் வர வேண்டும். அதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை. அக்காவுக்கு அது ஒத்துவந்தது.

1991 சித்திரையில், நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், தண்டலத்துக்குப் பக்கத்தில் லாரி மோதி இறந்துபோனார். காரியம் முடிந்ததும் அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அழவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், போடாவிட்டால் கேட்கவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த மாதம் ஸ்ரீபெரும்புதூரில் அவ்வளவு பெரிய சாவு நடந்து, சாலை முழுக்கப் போலீஸ் நின்றபோதும் எங்கள் வீட்டில் யாரும் வெளியே போய்ப் பார்க்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான்தான். காலேஜில் தாவரவியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தேன். ஆடி மாதம் அந்த மெட்ராஸ்காரர்களுக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டேன். மாதம் ஒரு ஞாயிறு. ஒரே பாதை: ஏரிக்கரை, அதைத் தாண்டி மேய்ச்சல் காடு. இந்த மண்ணிலேயே முளைக்கும் செடிகளை வெயிலிலும் மழையிலும் பனியிலும் திரும்பத் திரும்பப் பார்ப்பது. பேரை எடுத்தவுடன் சொல்லக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். ஒவ்வொருவரும் தொட்டு, கசக்கி, முகர்ந்து ஒரு வார்த்தையாவது சொன்ன பிறகுதான் நான் பேரைச் சொல்வேன்.

அக்காவைக் கூட்டிப்போகச் சொன்னது அம்மாதான்.

"பொம்பளைங்களும் வராங்கன்றியே, துணைக்கு இவளையும் இட்டுகினு போ. வூட்லயே குந்திகினு கீறா. ஆனா தெரு வழியா வாணாம். தோட்டத்துப் பக்கமா பூடுங்க. நம்மளால யாரும் தண்ணி குடிக்க வாணாம்."

நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதிரில் தாலியறுத்தவள் வந்துவிட்டால், திரும்பிப் போய் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். அம்மா சொன்னது அதைத்தான். நாங்கள் பின்பக்கம் முள்வேலியைத் தாண்டிப் போனோம்.

முதல் நடையிலேயே ஒரு போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தினார். அந்த வருஷம் பையோடு நாலு பேர் சேர்ந்து நின்றாலே நிறுத்துவார்கள்.

"இன்னாத்த பாக்கறீங்க?"

"செடி சார்" என்றேன்.

"செடியில இன்னா கீது?"

"அதத்தான் சார் நாங்களும் தேடறோம்" என்றார் எங்கள் குழுவிலிருந்த ரிடையர்டு பேங்க்காரர்.

போலீஸ்காரர் பைகளைத் திறந்து பார்த்தார். ஒரு பூதக்கண்ணாடியும் உப்புமாவும் இருந்தன. கடைசியில் நின்ற அக்காவிடம், "நீ எந்த ஊரும்மா?" என்றார். "இந்த ஊருதான்" என்றாள். அவர் போய்விட்டார்.

ஆடியில் அக்கா எந்தச் செடியைத் தொட்டாலும், "காஞ்சி கீது" என்றாள். ஐப்பசியில் வேலிமேல் கண்வலிக்கிழங்குக் கொடி, நுனி சிவப்பும் அடி மஞ்சளுமாகப் பூத்து நின்றது. மற்றவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அக்கா முறை வந்தபோது, "ஈரமா கீது" என்றாள். எழுதிக்கொள்ளும் பழக்கமுள்ள பேங்க்காரர் அதையும் எழுதிக்கொண்டார். நான் கூப்பிடுவதைக் கேட்டு, அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

மார்கழி முடிகிற ஞாயிறு. குழுவில் நர்ஸ் அம்மா ஒருவர் உண்டு. அவர் டிபன் டப்பாவைத் திறந்து அக்காவிடம் நீட்டினார்.

"இந்தாங்கக்கா, ஆஸ்பத்திரியில குடுத்த கிறிஸ்துமஸ் கேக். உங்களுக்குன்னு எடுத்து வச்சேன். பண்டிகை நல்லா போச்சா?"

"ஞாயித்துக்கிழமை சர்ச்ச விட்டுட்டு செடி பாக்க வர்ற ஒரே ஆள் நம்ம அக்காதான்" என்று பேங்க்காரர் சிரித்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. அக்காவிடம் பொட்டும் இல்லை, பூவும் இல்லை. ஆறு மாதமாக அவர்கள் எங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "நல்லா போச்சும்மா" என்றாள். கேக்கை அங்கேயே நின்று முழுவதும் தின்றாள்.

ஏரிக்கரையில் சிறுபூளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பொங்கலுக்கு இதை ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் கட்டி ஊரில் வாசலில் சொருகுவார்கள், காப்பு என்பார்கள் என்று சொன்னேன். நர்ஸ் அம்மா உடனே சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். அக்காவிடம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு இது வழக்கமில்ல, இல்லக்கா?"

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. அந்தப் பொங்கல் எங்களுக்கு இல்லை. அக்கா தரையைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"பரவால்ல, குடுங்கம்மா. நல்லா கீது."

வீட்டில் அம்மா அந்தக் கட்டைப் பார்த்துவிட்டாள்.

"சாவு வூட்ல காப்பா? எவடி குடுத்தது?"

"கேட்டு வாங்கினேன். அவங்க என்னிய கிறிஸ்டீன் பொண்ணுன்னு நெனச்சிகினு கீறாங்க."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாடா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"உண்மைய சொல்லிட்டு நின்னுடுங்க ரெண்டு பேரும். போதும், போனது."

"நான் போவேம்மா" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "அங்க நான் செத்தவன் பொண்டாட்டி இல்ல. கேக் துன்ற பொம்பள. அவ்ளோதான்."

அம்மா அந்தக் கட்டை வாசலில் சொருகவும் இல்லை, எறியவும் இல்லை. ஜன்னல் கம்பிக்கு நடுவில் வைத்தாள். பூளை வாடாது. அடுத்த நடை வரைக்கும் அங்கேயே இருந்தது.

தை மாத ஞாயிறு நடைக்கு நான் தோட்டத்துப் பக்கம் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அக்காவைக் காணோம். முன்வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா பார்த்துவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தெருவில் நாலு வீடு தள்ளி, ஒருவர் தாம்பூலத் தட்டோடு படியிறங்கினார். மகனுக்குப் பெண் பார்க்க வாலாஜாபாத் போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அக்காவைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் படியில் உட்கார்ந்தார். அவர் வீட்டுக்காரி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை. ஓரமாக ஒதுங்கவும் இல்லை.

"நிதானமா குடிங்கண்ணா" என்றாள். "நான் நிக்கிறேன்."

அவருக்குப் புரையேறியது. குடித்து முடிக்க நேரமாயிற்று. சொம்பைக் கீழே வைத்த பிறகுதான் அக்கா நடந்தாள், நான் பின்னால் போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கரையில் அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கடைசிக்குப் போய் நின்றாள்.